ஆறாம் வகுப்பில் சந்திக்கும் தெருக்கள்

கூடலூரில் தொடங்கி கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனி வரை நீளும் கம்பம் பள்ளத்தாக்கை வெளியூர்க்காரர்கள் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீராலும் பன்னீர் திராட்சையாலும் அறிவார்கள். அங்கேயே வாழ்பவர்களுக்கு அது பல மொழிகளும் பல சாதிகளும் நெருங்கிக் கிடக்கும் மண். பிரமலைக் கள்ளர், மறவர், கன்னடம் பேசும் காப்பிலியர், தெலுங்கு பேசும் நாயக்கர், ராவுத்தர், பள்ளர், பறையர், அருந்ததியர், மலையடிவாரத்தில் பளியர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தேனி மாவட்டத்தின் ஏறத்தாழ 12.46 லட்சம் பேரில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நெருங்கிக் குடியிருக்கிறார்களே தவிர, கலந்து குடியிருக்கவில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஊருக்குள்ளும் தெருவுக்குத் தெரு சாதி மாறும். பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையும் இந்த வரைபடத்தின்படியே தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டு விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கிலோமீட்டர் என்பது பெரும்பாலும் ஒரே தெருக்கூட்டம், பல இடங்களில் ஒரே சாதி. மூன்று கிலோமீட்டர் என்றால் ஊரும் காலனியும் பக்கத்துப் பட்டிகளும் சேர்ந்துவிடும். ஐந்தாம் வகுப்பு வரை தன் தெருப் பிள்ளைகளோடு மட்டுமே படித்த பதினொரு வயதுக் குழந்தை, ஆறாம் வகுப்பில்தான் மற்றத் தெருக்களின் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறது. பள்ளிகளில் நடக்கும் சாதிக் கொடுமையின் வேர் இந்தச் சந்திப்பைப் பெரியவர்கள் எப்படி ஏற்பாடு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது; அரசும் சமூகமும் அதைப் பார்க்காமல், மூன்று நான்கு ஆண்டு கழித்து வெடிப்பதை மட்டும் பார்க்கின்றன. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளியில் மாணவர்கள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதை முறையாக ஆராயத் தொடங்கியவர் நார்வே நாட்டில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயுஸ். 1982 இறுதியில் அங்கே மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டபின், 1983இல் நாடு முழுதும் அதற்கெதிரான இயக்கம் நடந்தது. சாதாரணச் சண்டையையும் துன்புறுத்தலையும் பிரிக்க அவர் வைத்த அளவுகோல்களில் முக்கியமானது பலச் சமமின்மை: அடிபடுபவரால் திருப்பித் தர முடியாத நிலை. உடல் பலம், வயது, கூட்டம் ஆகியவற்றைத்தான் உலகம் முழுக்க இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நம் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கு சரிவராது. ஊர்த்தெருவிலிருந்து வரும் நோஞ்சான் பையன் காலனியிலிருந்து வரும் திடகாத்திரமான பையனை அதட்ட முடியும். "ஒங்கப்பா எங்க தோட்டத்துலதான வேல பாக்குறாரு" என்ற ஒற்றை வாக்கியம் போதும். நிலம், கூலி, வாங்கிய முன்பணம், ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்ற தகப்பன் என்று எல்லாமே அந்த வாக்கியத்துக்குள் இருக்கும். அடிபடும் பிள்ளைக்கு அது புரியும். வீட்டில் போய்ச் சொன்னால் அப்பாவின் கூலிக்குத்தான் ஆபத்து என்பதும் புரியும். அதனால் அது வாயைத் திறப்பதில்லை. தண்ணீர்க் குழாயில் கடைசியாக நிற்பது, அழிரப்பரை இரவல் கேட்கத் தயங்குவது, சாதியைச் சுட்டும் பட்டப்பெயருக்குச் சிரித்துச் சமாளிப்பது என்று அந்த மௌனம் பழக்கமாகிவிடுகிறது. ஆசிரியர் அதைப் பார்த்து 'அமைதியான பிள்ளை' என்பார். சாதிப் பாகுபாட்டை இனவெறியோடு சேர்த்துப் பேசலாமா என்ற கேள்வி 2001இல் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டிலேயே எழுந்தது. சாதி இனம் ஆகாது என்று இந்திய அரசு எதிர்த்தது. மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பின் வழியாக வரும் பாகுபாடும் தன் வரம்புக்குள் அடங்கும் என்று அறிவித்தது. குழாயடியில் நிற்கும் குழந்தைக்கு இந்த வேறுபாட்டால் எந்தப் பயனும் இல்லை.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிவதில்லை, படிப்பையே தின்கிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும் எண்ணிக்கைக்கு ஏற்பக் காசு. யார் எந்தச் சாதி என்று சொல்லாமல் நடத்தியபோது மேல்சாதிப் பையன்களும் கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தார்கள். பிறகு வேறொரு குழுவில், தொடங்கும் முன் ஒவ்வொரு பையனையும் பார்த்து அவன் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் வாசித்து, சரிதானே என்று தலையாட்டச் சொன்னார்கள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. கீழ்நிலையில் வைக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் திறன் கணிசமாகச் சரிந்து, இல்லாத இடைவெளி உருவாயிற்று. இதே வேலையை நம் வகுப்பறைகள் நல்ல நோக்கத்தோடு செய்துவருகின்றன. உதவித்தொகைக்குப் பெயர் எடுக்கும்போது "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்று சொல்வது அந்தச் சோதனையை ஆண்டுதோறும் நாற்பது பேர் முன்னால் நடத்திக் காட்டுவதுதான். அன்றுவரை பக்கத்தில் இருப்பவன் யார் என்று தெரியாமலிருந்த பிள்ளைக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். சாதி விவரம் இப்போது கல்வித் துறையின் எமிஸ் கணினித் தளத்திலேயே இருக்கிறது. எழுந்து நிற்கச் சொல்வதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் மிச்சமில்லை.

தமிழ்நாட்டில் பொது விவாதம் இந்த வயதை எட்டியதே இல்லை. 2019இல் பள்ளிக் கல்வி இயக்ககம் மாணவர்கள் சாதி அடையாளமாகக் கட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவிக் கயிறுகளைக் கண்காணிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் துறை அமைச்சரே அது தமக்குத் தெரியாமல் வெளியானது என்றார், முயற்சி நின்றுபோனது. 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கயிறு தொடர்பான தகராறில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில், உடன் படித்தவர்களின் தொல்லையால் பள்ளிக்குப் போகாமலிருந்த பட்டியல் சாதி மாணவர் அது பற்றிப் பள்ளியில் முறையிட்டபின், வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கப்போன தங்கையும் காயப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை தந்தது. பெயர்ப் பலகைகளிலிருந்து சாதியை நீக்குவது, கயிறு, மோதிரம், சாதி வண்ணம் பூசிய சைக்கிள் ஆகியவற்றைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்பது, அகரவரிசைப்படி இருக்கை என்று துணிச்சலான பரிந்துரைகள் அதில் உள்ளன. சுதந்திர இந்தியாவில் பள்ளிக்குள் சாதியை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த அரசு ஆவணம் அரிது. ஆனால் இரண்டு இடங்களில் நடுநிலை வகுப்புகள் நழுவிவிடுகின்றன. சமூகச் சிக்கல்கள், சட்டங்கள் பற்றிய கட்டாய விழிப்புணர்வுப் பயிற்சி ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கானது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குத்தான் தனி நல அலுவலர். கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அந்த எண்ணிக்கை எங்கே வரும்? ஆறாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒரு அறநெறி வகுப்பு என்ற பரிந்துரை இருக்கிறது, சரிதான். அந்த ஒரு மணி நேரம் சமத்துவம் சொல்ல, மீதி வாரம் முழுதும் இருக்கையும் குழாயடியும் துடைப்பமும் வேறொன்றைச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

ஏற்பாடுதான் எல்லாம் என்று சொல்வதற்குச் சமூக உளவியலில் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1954 கோடையில் முசாஃபர் ஷெரீப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பதினொரு வயதையொட்டிய 22 சிறுவர்களை முகாமுக்கு அழைத்துப்போய் இரண்டு அணியாக்கினார். ஓர் அணிக்கு மற்றொன்றைத் தெரியாது. போட்டி வைத்ததும் சில நாட்களிலேயே கொடி எரிப்பு, பட்டப்பெயர், அறைக்குள் புகுந்து சூறையாடல் என்று போயிற்று. பிறகு முகாமின் தண்ணீர் நின்றுபோனதைப் போன்ற, இரு அணியும் சேர்ந்தாலொழியத் தீராத சிக்கல்களை உண்டாக்கியபோது பகை தணிந்தது. பாடப்புத்தகங்கள் இதோடு முடித்துவிடும். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1953இல், அவரே நடத்தித் தோற்ற சோதனை ஒன்று உண்டு. அதில் சிறுவர்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு, நட்பு உண்டானபின் இரண்டாகப் பிரித்தார்கள். எவ்வளவு தூண்டியும் பிள்ளைகள் பகைக்கவில்லை; சோதனையைக் கைவிட நேர்ந்தது. 1954இலும் பெரியவர்கள் திரைமறைவில் தூண்டிவிட்டார்கள் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் குறை சொல்கிறார்கள். அந்தக் குறை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அதே வயதுப் பிள்ளைகள், முதலில் கலந்தபோது ஒருவிதமாகவும் முதலில் பிரிக்கப்பட்டபோது வேறுவிதமாகவும் நடந்தார்கள். பிரித்தவர்களும் தூண்டியவர்களும் பெரியவர்கள்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று: "கலந்து உட்கார வைத்தால்தானே சண்டை வருகிறது? அவரவர் ஊர்ப் பிள்ளைகளோடு இருந்தால் நிம்மதி." நாங்குநேரிக்குப் பிறகு அச்சப்பட்ட பெற்றோர் பலருக்கு இந்த எண்ணம் வந்திருக்கும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கலப்பதில் இரண்டு வகை உண்டு என்பதைப் பொருளியலாளர் மேட் லோ உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் போட்டிகள் நடத்திக் காட்டினார். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களில் சிலரைப் பல சாதி கலந்த அணிகளிலும், சிலரை ஒரே சாதி அணிகளிலும் சீட்டுக்குலுக்கல் முறையில் சேர்த்தார். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்கு வேற்றுச் சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியாக மட்டும் மற்றச் சாதியைச் சந்தித்தவர்களுக்கு அந்த நட்பு குறைந்தது. ஒரே மைதானம், ஒரே ஆட்டம், எதிரெதிரான விளைவு. தென் மாவட்டப் பள்ளிகளில் கபடிக்கோ கிரிக்கெட்டுக்கோ "நீங்களே டீம் பிரிச்சுக்கங்கடா" என்று ஆசிரியர் விசிலைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் பிள்ளைகள் தெருவாரியாகத்தான் பிரிவார்கள். தெரு என்றால் சாதி. அரை மணி நேர விளையாட்டு, ஊர்ப் பகையின் ஒத்திகையாகிவிடும். அணியை ஆசிரியர் பிரித்தால், பக்கத்துத் தெருப் பையன் எதிரணி ஆளைப் பிடித்தால் இந்தத் தெருப் பையன் கைதட்டுவான். பிரித்துவைத்தால் வரும் நிம்மதி ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான் தாங்கும்; அதன்பின் அந்நியர்களாகவே வளர்ந்தவர்கள் ஒரே பேருந்தில் ஏறியாக வேண்டும். 1989இல் போடி வட்டாரத்தில் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள்தான் இன்றைய ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள். விலகியே வாழ்வது அமைதியைத் தந்ததா என்பதை அவர்களிடம் கேட்கலாம்.

பள்ளிப் பெயர்ப் பலகையிலிருந்து சாதியை நீக்குவதற்கு வரும் மறுப்பு இதைவிடக் கனமானது. தேனி மாவட்டத்தில் அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புத் துறையின் கீழ் ஏறத்தாழ 300 பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பின்னணியில் இருப்பது சாதிப் பெருமை அல்ல, அரசு வன்முறை. பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சேர்த்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் படுக்கவைத்தது பிரிட்டிஷ் அரசு. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பதினாறு பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. சீர்திருத்தம் என்ற பெயரில் அன்று திறந்த பள்ளிகளில் படித்துத்தான் அந்தச் சமூகத்தின் முதல் தலைமுறைகள் எழுந்தன. 2023 நிதிநிலை அறிக்கையில் இவற்றையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அரசு அறிவித்தபோது கள்ளர் அமைப்புகள் எதிர்த்தன. வரலாறு அழியும், சொத்தும் பணியிடமும் பறிபோகும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஆனால் இன்று அந்தப் பள்ளிகளில் மற்றச் சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வேறு சாதிப் பிள்ளை தன் மாற்றுச் சான்றிதழில் அந்தப் பெயரைச் சுமக்கிறது. பக்கத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையோ, ஆறாம் வகுப்பில் சேரும் அன்றே எந்தப் பள்ளியிலிருந்து வருகிறாய் என்ற ஒரு கேள்வியில் சாதி தெரிந்துபோய் நிற்கிறது. பெருங்காமநல்லூரின் கதை மாநிலம் முழுதும் பாடப்புத்தகத்தில் இடம்பெறட்டும். தூத்துக்குடியில் படிக்கும் பிள்ளைக்கும் கடலூரில் படிக்கும் பிள்ளைக்கும் அது தெரிய வேண்டும். பணியிடங்களுக்கும் நிதிக்கும் எழுத்துபூர்வமான உறுதி கிடைக்கட்டும். அவற்றுக்கு ஈடாகப் பதினொரு வயதுப் பிள்ளையின் சான்றிதழில் சாதியைப் பொறிக்கத் தேவையில்லை. 2025 ஜூலையில் அரசு நல விடுதிகளுக்கெல்லாம் சமூக நீதி விடுதிகள் என்று பொதுப் பெயர் வைக்கப்பட்டது. விடுதிக்கு முடிந்தது பள்ளிக்கும் முடியும்.

ஆசிரியர்கள் பற்றிய பரிந்துரையில் மட்டும் சந்துரு குழுவோடு நான் ஒரு பகுதி வேறுபடுகிறேன். ஒரு வட்டாரத்தில் ஆதிக்கமுள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே கல்வி அலுவலராகவோ தலைமை ஆசிரியராகவோ அமர்த்த வேண்டாம் என்கிறது குழு. உள்ளூர் நிர்பந்தத்தைக் குறைக்கும் நோக்கம் சரியானது. ஆனால் ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் செய்த ஆய்வில், விடைத்தாளின் மேல் மாணவரின் சாதியை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொன்னபோது, தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதிய தாளுக்குச் சற்றே குறைந்த மதிப்பெண் விழுந்தது. அந்தக் குறைவு பெரிதும் அதே நிலையிலுள்ள சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களிடம் காணப்பட்டது. ஆளை மாற்றினால் மனம் மாறிவிடும் என்று எண்ண இது இடம் தரவில்லை. பட்டியல் சாதிகளுக்குள்ளேயே அருந்ததியர் பிள்ளைகளைத் துப்புரவு வேலையைச் சொல்லிக் கேலி செய்வதும் நடக்கிறது. அடிபட்ட சமூகம் தன் கீழே இன்னொன்றைத் தேடுவது பள்ளிக்கூடத்துக்கு வெளியே கற்ற பாடம். அதனால் யார் ஆசிரியர் என்பதைவிட, எந்த ஆசிரியர் வந்தாலும் மாற்ற முடியாத நடைமுறைகள் உள்ளனவா என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இருக்கை, கூட்டும் முறை, அணி பிரிப்பு, உதவித்தொகை விவரம், வகுப்புத் தலைவர் தேர்வு ஆகிய ஐந்தும் எழுதி ஒட்டிய விதியாக இருந்தால், மனத்தில் சாதி உள்ள ஆசிரியரும் அதன்படி நடந்துதான் ஆக வேண்டும்.

"பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொல்வதை நீங்கள்தான் பெரிதாக்குகிறீர்கள், சாதியைப் பற்றிப் பேசப் பேசத்தான் அது வளரும்" என்பது கடைசியாகவும் எப்போதும் வரும் மறுப்பு. பிள்ளைகளின் சண்டை எல்லாம் சாதி அல்ல என்பது உண்மை. பென்சிலுக்கும் பம்பரத்துக்கும் அடித்துக்கொள்வது பிள்ளைகளின் உரிமை. பன்னிரண்டு வயதுப் பையன் மேல் வன்கொடுமை வழக்குப் போடுவதும் தீர்வு என்று நான் சொல்லவில்லை. அந்த வயதில் அவன் குற்றவாளி என்பதைவிட, கேட்டதைத் திருப்பிச் சொல்பவன். ஆனால் பேசாமல் இருந்தால் சாதி மறைந்துவிடும் என்றால் அது எப்போதோ மறைந்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் அதைப் பற்றி வகுப்பறை மட்டும்தான் பேசுவதில்லை; திருவிழாவும் ஃபிளெக்ஸ் பேனரும் கல்யாணப் பத்திரிகையும் சுடுகாட்டுப் பாதையும் ஓயாமல் பேசுகின்றன. ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவாலி குழுவினரின் ஆய்வுகள், துன்புறுத்தலை நடத்துபவரைவிடச் சுற்றி நின்று சிரிப்பவர்களும் பேசாமல் பார்ப்பவர்களும்தான் அதை நீடிக்கச் செய்கிறார்கள் என்று காட்டின. அந்நாட்டின் கிவா திட்டம் அந்தப் பார்வையாளர்களைப் பழக்குவதையே மையமாக வைத்தது. சுற்றி நிற்கும் முப்பது பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பெயர் சொல்லி விளக்காமல் அவர்கள் எதைத் தடுப்பார்கள்?

பெயர் சொல்லி விளக்க, இந்தப் பள்ளத்தாக்குக்குச் சொந்த அனுபவம் ஒன்று கைவசம் இருக்கிறது. விடியுமுன் கம்பம், கூடலூர், போடிப் பக்கமிருந்து ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகின்றன. மலைக்கு அந்தப்புறம் அவர்களில் சிலருக்கு 'பாண்டி' என்ற இளக்காரமும் கிடைக்கிறது. 2011 இறுதியில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டு, குடும்பம் குடும்பமாக இந்தப்புறம் இறங்கி வந்தார்கள். அன்று அவர்களில் யார் ஊர், யார் காலனி என்று அந்தப்புறம் யாரும் பார்க்கவில்லை. பிறந்த இடத்துக்காக இழிவுபடுவது எப்படி இருக்கும் என்பதை இந்த மக்கள் தங்கள் சொந்த உடம்பில் அறிந்தவர்கள். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் ஆசிரியர் அதிலிருந்து தொடங்கினால் எந்தச் சாதிப் பிள்ளையும் தலைகுனிய வேண்டியிருக்காது; பிள்ளைகளே அடுத்த கேள்விக்குத் தாமாக வந்து சேர்வார்கள்.

இதையெல்லாம் யார் செய்ய வைப்பது? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளை உடலாலும் மனத்தாலும் துன்புறுத்துவதைத் தடுக்கிறது. நலிந்த பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாசார இடம். காலனித் தாயும் ஊர்த்தெருத் தாயும் சட்டப்படி ஒரே மேசையில் உட்காரும் இடம் கிராமத்தில் வேறு எது இருக்கிறது? ஜூனில் ஆறாம் வகுப்புச் சேர்க்கை முடிந்ததும் நடக்கும் முதல் கூட்டத்தில், கழிப்பறை சுத்தம் செய்வது யார் வேலை, வகுப்பைக் கூட்டும் முறை எப்படி, யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. நல அலுவலரைப் பள்ளிக்கு ஒருவர் என்று போட முடியாவிட்டால், 500 என்ற வரம்பை எடுத்துவிட்டு ஒன்றியத்தின் நடுநிலைப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஒருவரை அமர்த்தலாம். தேனி மாவட்டத்தில் இருப்பது எட்டு ஒன்றியங்கள். ஆண்டிபட்டியும் கடமலைக்குண்டும் மற்ற ஆறும் சேர்ந்தாலும், அரசு அமர்த்த வேண்டியது எட்டே பேரை; அதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.